ஒரே சாலை, மூன்று எண்கள்: கரிசல் நிலத்தில் அடிமண் வலிமையை அளந்த ஒரு நிகழ்வு

பின்னணி

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் காட்டில் ஒரு கிராமத்தைப் பெரிய சாலையோடு இணைக்கும் 3.6 கி.மீ. பாதை. அதுவரை மாட்டுவண்டியும் டிராக்டரும் போய்வந்த மண்பாதைதான். மழைக்காலத்தில் பள்ளிக்கூட வேன் ஊருக்குள் வராது. பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய சாலைவரை நடக்க வேண்டும். அந்தப் பாதையை 3.75 மீட்டர் அகலத் தார்ச்சாலையாக்கும் பணியில் நான் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தின் சார்பில் சேர்ந்தேன்.

நான் வரும்போதே திட்ட அறிக்கை தயாராகி ஒப்புதலும் வாங்கியிருந்தது. அடிமண்ணின், அதாவது களத்தில் நாங்கள் சப்கிரேடு என்று சொல்லும் மண்ணின், நனைத்த சி.பி.ஆர். மதிப்பு 6 என்று அதில் இருந்தது. தார், ஜல்லி, சரளை ஆகியவற்றின் கனமெல்லாம் அந்த ஆறை வைத்துத்தான் போடப்பட்டிருந்தது.

சி.பி.ஆர். பற்றிப் புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. கலிபோர்னியா பேரிங் ரேஷியோ என்பதன் சுருக்கம்; 1920களின் கடைசியில் கலிபோர்னியா மாநில நெடுஞ்சாலைத் துறையில் உருவான சோதனை இது. 50 மி.மீ. விட்டமுள்ள உருளையை நிமிடத்துக்கு 1.25 மி.மீ. வேகத்தில் மண்ணுக்குள் அழுத்துகிறோம். 2.5 மி.மீ. இறங்க எவ்வளவு சுமை தேவைப்பட்டது என்று பார்க்கிறோம். நல்ல உடைகல்லுக்கு அது 1370 கிலோ. நம் மண்ணுக்கு ஆகும் சுமை அதில் எத்தனை சதவீதமோ அதுதான் சி.பி.ஆர். நம் நாட்டில் ஐ.எஸ். 2720 பகுதி 16 என்ற இந்தியத் தர ஆவணம் இதன் முறையைச் சொல்கிறது. மழையில் ஊறிய நிலையைக் காட்டுவதற்காக, மண்ணை இடித்து நிரப்பிய உருளை அச்சை, அதாவது மோல்டை, நான்கு நாள் தண்ணீரில் மூழ்க வைத்து அப்புறம் அழுத்துவது வழக்கம்.

மே மாதத்தில் பார்த்தது

வேலை தொடங்குமுன் களத்தில் டி.சி.பி. (டைனமிக் கோன் பெனட்ரோமீட்டர்) சோதனை செய்தோம். 8 கிலோ சம்மட்டி 575 மி.மீ. உயரத்திலிருந்து விழும், ஒவ்வோர் அடிக்கும் 60 பாகைக் கூம்பு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று குறிக்க வேண்டும். 200 மீட்டருக்கு ஓர் இடம், இடப்பக்கம் வலப்பக்கம் மாறி மாறி, மொத்தம் 19 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 800 மி.மீ. ஆழம்வரை அடித்தோம்.

பாதை மூன்று வகை நிலத்தில் போகிறது. முதல் 1.1 கி.மீ. மேட்டு நிலம், சரளை கலந்த செம்மண். அதன்பின் 3.1 கி.மீ. வரை சுத்தக் கரிசல். கடைசி அரைக் கிலோமீட்டர் ஊர்க் கண்மாயை ஒட்டி ஓடுகிறது, வண்டல் படிந்த மண்.

மே மாதக் கரிசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் முழங்கைவரை விடலாம். ஆனால் பாளத்தைக் கடப்பாரையால் குத்தினால் 'ணங்' என்று சத்தம் வரும். டி.சி.பி.யும் அதையே சொன்னது. மேல் 450 மி.மீ.யில் கரிசலில் அடிக்குச் சுமார் 15 மி.மீ. இறங்கியது. செம்மண்ணில் 8 முதல் 10 மி.மீ. கண்மாய் ஓரத்தில் 12 மி.மீ., அதாவது கரிசலைவிடக் கெட்டி. இந்தியச் சாலைக் காங்கிரசின் தார்ச்சாலை வடிவமைப்பு வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 37இன் 2018 பதிப்பில் உள்ள சமன்பாட்டில் போட்டால் (மடக்கை சி.பி.ஆர். = 2.465 − 1.12 × மடக்கை ஊடுருவல்) கரிசலுக்கு 14, கண்மாய் ஓரத்துக்கு 18, செம்மண்ணுக்கு 22க்கு மேல். 19 இடங்களின் சராசரி 18.

ஒப்பந்தக்காரருக்கு மகிழ்ச்சி. "சார், அறிக்கையில 6தான் போட்டிருக்கு, நிலத்துல 18 வருது. மூணு மடங்கு பத்திரமா இருக்கு" என்றார். உதவிப் பொறியாளரும் தலையாட்டினார். எனக்கும் அன்று மறுத்துப் பேசக் காரணம் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு விஷயத்தை அன்றே நான் கவனித்திருக்க வேண்டும். டி.சி.பி. தாளில் 600 மி.மீ. ஆழத்துக்குக் கீழே கரிசலில் ஊடுருவல் அடிக்கு 35 மி.மீ.க்குத் தாவியிருந்தது. மேலே காய்ந்த ஓடு, கீழே ஈரக் களி. வெயில் எட்டாத ஆழத்தில் இந்த மண் எப்படி இருக்கிறது என்பதை அந்தத் தாளே காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் மேல் 450 மி.மீ.க்கு மட்டும் சராசரி எடுத்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டோம்.

ஆய்வகத்தில் வந்த எண்

ஜூனில் மூன்று பகுதிகளிலிருந்தும் தனித்தனியாக மண் எடுத்து வந்து ஆய்வகத்தில் சோதித்தோம். கரிசலின் நீர்ம எல்லை (மண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈர சதவீதம்) 64, நெகிழ்வுக் குறியெண் (மண் பிசையும் பதத்தில் நிற்கும் ஈர இடைவெளி) 37. 75 மைக்ரான் சல்லடையில் 82 சதவீதம் கீழே இறங்கியது. தண்ணீரில் மண் எவ்வளவு வீங்கும் என்று காட்டும் தடையற்ற வீக்கக் குறியெண் 75 சதவீதம். இது 50ஐத் தாண்டினாலே அந்த மண்ணைச் சாலைக் கரைக்கு நிரப்பக்கூடாது என்று மத்திய சாலைத் துறையின் விவரக்குறிப்பு சொல்கிறது. எந்த ஈரத்தில் இடித்தால் மண் மிக நெருக்கமாகும் என்று பார்க்கும் சாதாரண பிராக்டர் சோதனையில் உச்ச அடர்த்தி கன செ.மீ.க்கு 1.52 கிராம், உகந்த ஈரம் 24 சதவீதம்.

அந்த ஈரத்தில் இடித்து, நனைக்காமல் அழுத்தியபோது சி.பி.ஆர். 8 வந்தது. நான்கு நாள் நனைத்த மோல்டுகளில் 1.9, 2.1, 2.3. நடு மோல்டில் 2.5 மி.மீ. இறங்க வெறும் 29 கிலோ போதுமாக இருந்தது. 127 மி.மீ. உயர மண் நான்கே நாளில் கிட்டத்தட்ட 6 மி.மீ. வீங்கியிருந்தது. செம்மண் நனைத்தும் 9 தந்தது. கண்மாய் வண்டல் 2.4.

ஆக, ஒரே சாலைக்குக் கையில் மூன்று எண்கள்: களத்தில் 18, அறிக்கையில் 6, ஆய்வகத்தில் 2.1. ஐ.ஆர்.சி. 37 சொல்லும் கணக்கில் இவற்றை மீள்திறன் குணகமாக, அதாவது சுமைக்கு மண் காட்டும் விறைப்பாக, மாற்றினால் முறையே 112, 55, 21 மெகா பாஸ்கல். இந்த மூன்றில் எதை நம்பிக் கனம் போடுவது என்பது சின்னக் கேள்வி இல்லை.

அறிக்கையின் 6 எங்கிருந்து வந்தது?

முதலில் இதைத்தான் தேடினேன். பழைய கோப்பில் சோதனைத் தாள் இருந்தது. செய்முறையில் குறை எதுவும் இல்லை, நான்கு நாள் நனைத்துத்தான் அழுத்தியிருந்தார்கள். ஆனால் நீர்ம எல்லை 45 என்று இருந்தது. எங்கள் செம்மண்ணுக்கு 28, கரிசலுக்கு 64. நாற்பத்தைந்து உள்ள மண் இந்தப் பாதையில் எங்குமே இல்லை.

மண் எடுக்கப் போனவரிடமே கேட்டேன். மூன்று குழி தோண்டி, மூன்றையும் ஒரே சாக்கில் கலந்து, அதிலிருந்து மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். 'பாதை முழுக்கப் பிரதிபலிக்கட்டும்' என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் மண்ணைக் கலந்து சராசரி எடுக்க முடியாது. சரளையும் களியும் சேர்ந்தால் அது மூன்றாவது மண். அதன் வலிமை செம்மண்ணுக்கும் பொருந்தாது, கரிசலுக்கும் பொருந்தாது. 6 என்பது சரியாகச் செய்யப்பட்ட சோதனையின் விடைதான். அந்த மண் மட்டும் இந்தச் சாலையில் கிடையாது.

18க்கும் 2.1க்கும் இடையே

இனி மீதி இரண்டு எண்கள். ஒப்பந்தக்காரர் தரப்பு வாதம் இது: "நிலத்துல இருக்கிறபடி அளந்தது டி.சி.பி. ஆய்வகத்துல நீங்க மண்ணை உதிர்த்து, இடிச்சு, தண்ணியில ஊறப்போட்டீங்க. இங்க மழையே கம்மி. எது நிஜம்?"

நியாயமான கேள்வி. நான்கு நாள் நனைப்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது, மழை குறைந்த ஊர்களில் அது மிகைக் கடுமை என்று பேசுவோர் பொறியாளர்களிலும் உண்டு. ஆகவே அவரை மடக்குவதற்காக இல்லாமல், எனக்கே தெளிவு வேண்டும் என்றுதான் அடுத்த சோதனையை யோசித்தேன்.

மே மாதத் தாளில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது: எந்த இடத்திலும் மண்ணின் ஈரத்தை நாங்கள் அளக்கவில்லை. திரும்பப் போய், மழை விழாத நிலையில் 15 முதல் 30 செ.மீ. ஆழத்தில் மண் எடுத்து ஓவனில் காய வைத்துப் பார்த்தோம். கரிசலில் ஈரம் 12 சதவீதம். உகந்த ஈரத்தில் சரிபாதி. கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் களிமம் காயக் காய, துகள்களுக்கிடையே மிச்சமிருக்கும் நீர் அவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த உறிஞ்சு விசைதான் மே மாதத்தில் கல்போல நின்றது. தண்ணீர் வந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். அதாவது டி.சி.பி. பொய் சொல்லவில்லை. 12 சதவீத ஈரத்தில் இந்த மண் 14 என்று சொன்னது. நாங்கள்தான் கேள்வியின் பாதியை எழுதாமல் விட்டுவிட்டோம்.

பாத்தி கட்டிப் பார்த்தது

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் மூன்று மாதம். அதுவரை சும்மா இருக்க ஒப்பந்தம் விடாது. அதனால் ஜூலையில் கரிசலில் மூன்று இடங்களில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் பாத்தி கட்டி, டேங்கர் தண்ணீரை நிறுத்தினோம். முதல் நாள் வெடிப்பு வழியாகத் தண்ணீர் மளமளவென்று உள்ளே போனது. இரண்டாம் நாள் மாலைக்குள் வெடிப்புகள் மூடிக்கொண்டன. அதன்பின் மெதுவாகத்தான் இறங்கியது. ஐந்து நாள் விட்டு, தண்ணீரை வடித்து, ஒரு நாள் கழித்து அடித்தோம்.

அடிக்கு 55 முதல் 62 மி.மீ. அதே கருவி, அதே ஆட்கள், மே மாதம் அடித்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி. சி.பி.ஆர். சுமார் 3. ஒப்பந்தக்காரர் தானே சம்மட்டியைத் தூக்கி இரண்டு அடி போட்டுப் பார்த்தார். மூன்றாவது அடி போடவில்லை.

அன்று பாத்திக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இதுக்கு எதுக்குக் காசு போட்டுத் தண்ணி? ஐப்பசியில வாங்க, நான் சும்மாவே காட்டுறேன்" என்றார். கண்மாய் நிறைந்தால் தண்ணீர் எதுவரை ஏறும், பாதையில் எந்த இடத்தில் வண்டி சிக்கும் என்று நடந்தே காட்டினார். அவர் காட்டிய மூன்று இடங்களையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். கண்மாய் ஓரத்தில் மே மாதம் 18 வந்த அந்த இடமும் அதில் ஒன்று.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஆகஸ்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். முதல் முடிவு, சாலைக்கு ஒரே எண் கிடையாது. மூன்று பகுதிக்கும் தனித்தனி வடிவமைப்பு.

செம்மண் பகுதிக்கு 9 எடுத்துக்கொண்டு, அதை முதலில் போடத் தொடங்கினோம். ஒப்பந்தக்காரருக்கு வேலை நிற்கவில்லை. எங்களுக்கும் கரிசலை மழைக்குப்பின் ஒருமுறை பார்க்க நேரம் கிடைத்தது.

கரிசலுக்கு இரண்டு வழி இருந்தது. 300 மி.மீ. தோண்டி எடுத்துவிட்டுச் சரளை நிரப்பலாம். சரளைக் குவாரி 18 கி.மீ. தள்ளி, அத்தனை லாரி அந்தக் கிராமச் சாலைகளில் போனால் அவையும் உடையும். இன்னொரு வழி சுண்ணாம்பு. கரிசல் மண்ணோடு 4 சதவீதம் சுண்ணாம்பு கலந்து ஏழு நாள் பதப்படுத்தி, நான்கு நாள் நனைத்து அழுத்தியபோது சி.பி.ஆர். 18 வந்தது, நெகிழ்வுக் குறியெண் 37லிருந்து 14க்கு இறங்கியது. வீக்கம் ஏறக்குறைய நின்றே போனது. சுண்ணாம்பையே தேர்ந்தெடுத்தோம். 300 மி.மீ. கனத்தை இரண்டு அடுக்காகப் போடுவதென்று முடிவு.

இங்கே ஒரு கருத்து வேறுபாடு வந்தது. 'சுண்ணாம்பு போட்டால் 18 வருகிறதே, அதையே வைத்து மேல் கனத்தைக் குறைக்கலாம்' என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 300 மி.மீ. கெட்டி அடுக்கு மிதப்பது 2 மதிப்புள்ள களியின் மேல். சக்கரத்தின் சுமை அந்த 300ஐத் தாண்டியும் இறங்கும். வடிவமைப்புக்கு 5 மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கண்மாய் ஓரத்துக்குச் சுண்ணாம்பு மட்டும் போதாது என்பது பெரியவர் காட்டிய நீர்மட்டத்திலிருந்தே தெரிந்தது. கண்மாயின் முழுக் கொள்ளளவு மட்டத்துக்கு மேல் அடிமண் படுகையின் அடிப்பகுதி 600 மி.மீ.யாவது உயர்ந்திருக்கும்படி சாலையை மேட்டில் ஏற்றினோம். சரளை அடுக்கைத் தார் அகலத்தோடு நிறுத்தாமல் சரிவு விளிம்புவரை கொண்டுபோனோம். இல்லாவிட்டால் அது ஒரு தொட்டி. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்காது.

மழைக்குப்பின் மீண்டும் அளந்தது

டிசம்பர் இறுதியில் கரிசலிலும் கண்மாய் ஓரத்திலும் இருந்த 13 இடங்களிலும் மறுபடி அடித்தோம், இந்தமுறை ஒவ்வோர் இடத்திலும் ஈரப்பத டப்பாவோடு. கரிசலில் ஈரம் 29 முதல் 31 சதவீதம், ஊடுருவல் 62 முதல் 75 மி.மீ., சி.பி.ஆர். 2.3 முதல் 2.9. கண்மாய் ஓரத்தில் 34 சதவீதம் ஈரம், 80 மி.மீ., 2.2. மே மாதத்தில் கரிசலைவிடக் கெட்டியாக நின்ற இடம் டிசம்பரில் எல்லாவற்றிலும் பலவீனமான இடம்.

செம்மண்ணில் புதுச் சாலைக்குப் பக்கத்திலேயே ஓரிடத்தில் அடித்தோம்: 20 மி.மீ., சி.பி.ஆர். 10. ஆய்வகத்தின் 9ஓடு ஒத்துப்போனது.

சமன்பாடு பற்றி ஒரு வார்த்தை. அடிக்கு 70 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐ.ஆர்.சி. 37 சமன்பாட்டில் 2.5. பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடமான டி.ஆர்.எல். சமன்பாட்டில் (மடக்கை சி.பி.ஆர். = 2.48 − 1.057 × மடக்கை ஊடுருவல்) 3.4. அமெரிக்க முறையில் மிகை நெகிழ்வுக் களிமண்ணுக்கென்றே இருக்கும் தனிச் சமன்பாட்டில் கிட்டத்தட்ட 5. எதை எடுப்பது? ஊகத்தில் முடிவு செய்ய விரும்பாமல், நான்கு டி.சி.பி. இடங்களின் அருகிலேயே வெட்டு விளிம்பு மாட்டிய சி.பி.ஆர். மோல்டை மண்ணில் இறக்கி, கலைக்காத மாதிரி எடுத்து, அப்படியே ஆய்வகத்தில் அழுத்தினோம். 2.4 முதல் 3.1 வந்தது. எங்கள் கரிசலுக்கு ஐ.ஆர்.சி. சமன்பாடு நெருக்கமாக இருந்தது. களிமண்ணுக்கான தனிச் சமன்பாட்டை நம்பியிருந்தால் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு மதிப்பைத் தாளில் எழுதியிருப்போம். நான்கே மோல்டு, ஆனால் இந்த வேலையில் எனக்கு அதிக நிம்மதி தந்த நான்கு மோல்டு அவைதான்.

கட்டும்போது

ஜனவரியில் கரிசல் வேலை தொடங்கியது. முதலில் 200 மீட்டருக்கு மட்டும் முன்னோட்டம். டிராக்டர் ரோட்டவேட்டரால் சுண்ணாம்பைக் கலந்தார்கள். 150 மி.மீ. ஆழம் கலக்க வேண்டிய இடத்தில் வெட்டிப் பார்த்தபோது 110 மி.மீ.தான் கலந்திருந்தது, கீழே கருப்புக் கட்டிகள் அப்படியே கிடந்தன. அந்த 200 மீட்டரை மறுபடி கிளறவைத்தோம். அதிலிருந்து மேஸ்திரி ஒவ்வொரு 50 மீட்டருக்கும் தானே குழி வெட்டிக் காட்ட ஆரம்பித்தார். மார்ச் முடிவில் தார் போட்டாயிற்று.

பின்விளைவு

முதல் பருவமழைக்குப்பின் தார்ப் பரப்பில் சின்னத் துளைகள் போட்டு அடித்துப் பார்த்தோம். சுண்ணாம்பு அடுக்கில் அடிக்கு 9 முதல் 14 மி.மீ.; அதற்குக் கீழே பழைய கதைதான், 60க்கு மேல். சுண்ணாம்பு நின்றிருக்கிறது, கீழே களி களியாகவே இருக்கிறது. 5 எடுத்தது வீணில்லை. கண்மாய் அந்த ஆண்டு நிறைந்தது. மேட்டுச் சாலையில் பள்ளம் விழவில்லை. பள்ளி வேன் மழையிலும் ஊருக்குள் வந்து போகிறது.

ஆனால் எல்லாம் சரியாக முடியவில்லை. இரண்டாவது கோடையில் 2.4 கி.மீ. அருகே 40 மீட்டர் நீளத்துக்கு, தார் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே நீளவாக்கில் வெடிப்பு வந்தது. அந்த இடத்தில் சாலையோரம் வேலிக்கருவை அடர்ந்து நிற்கிறது. வெட்டிப் பார்த்தோம்: சுண்ணாம்பு அடுக்கு கெடவில்லை. தார் விளிம்பை ஒட்டிய ஓர மண், அதாவது தோள்பட்டை, நாங்கள் தொடாத கரிசல். அது வெயிலில் காய்ந்து, மரத்தின் வேரும் ஈரத்தை இழுக்க, சுருங்கி விலகியிருக்கிறது. சாலையின் நடுவில் ஈரம் அப்படியே இருக்க, ஓரம் மட்டும் ஆண்டுதோறும் வீங்கிச் சுருங்குகிறது. வெடிப்பைத் தாரால் அடைத்திருக்கிறோம், அந்தத் தோள்பட்டையைச் சரளையால் மாற்றியிருக்கிறோம். ஒவ்வொரு மே மாதமும் போய் அளந்து வருகிறேன்.

இனி மாற்றிச் செய்வது

டி.சி.பி. அடிக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஈரப்பத மாதிரி எடுப்பதை இப்போது எங்கள் ஆய்வகத்தில் விதியாக்கிவிட்டோம். படிவத்தில் ஊடுருவல் பத்திக்குப் பக்கத்திலேயே ஈரப் பத்தி. அது காலியாக இருந்தால் கணக்கு போடுவதில்லை. 800 மி.மீ. வரையுள்ள வரைபடம் முழுவதையும் அறிக்கையில் இணைக்கிறோம், சராசரியை மட்டும் தருவதில்லை. மண் மாதிரி ஒரு குழிக்கு ஒரு சாக்கு. சாக்கின் வாயில் குழி எண்ணும் ஆழமும் எழுதிய தகடு கட்டியிருக்க வேண்டும்.

கோடையில்தான் அளக்க முடியும் என்ற நிலை வந்தால் பாத்தி கட்டி நனைத்துப் பார்ப்பதை முதலிலேயே திட்டத்தில் சேர்க்கச் சொல்கிறேன். மூன்று டேங்கர் தண்ணீரும் ஒரு வாரமும்தான் செலவு. அதற்கு முன்னால் ஊர்க்காரர் ஒருவரோடு பாதை நெடுக ஒருமுறை நடப்பது.

கரிசலில் சுண்ணாம்பு போடும் அகலத்தைத் தார் விளிம்போடு நிறுத்தாமல் இரு பக்கமும் ஒரு மீட்டர் கூடுதலாகக் கொண்டுபோக வேண்டும் என்று அடுத்த சாலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாலையோர வேலிக்கருவை எவ்வளவு தூரம் தள்ளி இருந்தால் போதும் என்பதற்கு, அந்த 40 மீட்டரில் மரத்தை ஒட்டியும் தள்ளியும் ஆறு இடங்களில் ஈரத்தை அளந்து வருகிறோம். இன்னும் இரண்டு கோடை பார்த்துவிட்டு அந்த எண்ணைச் சொல்வேன்.